சரல் பாதைக்கு ஓர் ஆற்றுப்படை
(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் மிதிவண்டியைப் பற்றிப் பேசப்போவதாக நான் சொன்னபோது சிலர் புன்முறுவல் பூத்தனர். மிதிவண்டிக்கும் இலக்கியத்திற்கும் என்ன உறவு என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு மறுமொழி நம் பத்துப்பாட்டிலேயே இருக்கிறது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகளால் ஆனது. நவிர மலைத் தலைவனாகிய நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்திற்கு வழி சொல்வதாக அமைந்தது. உவமைக்காகவும் ஒலிநயத்திற்காகவும் நாம் அதைப் போற்றுகிறோம். சற்று நேரம் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அது ஒரு மலைவழிக் கையேடு என்பது புலப்படும். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் இடம், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், பாசி படிந்து வழுக்கும் பாறைச் சரிவுகள் ஆகியவற்றை அவன் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். இரவில் தங்கவேண்டிய இடத்தையும், சோறிட்டு உபசரிப்பவர் யார் என்பதையும் விடவில்லை. அதற்கும் மேலாக, வழி பிரியும் இடங்களில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள், பின்னால் வரும் புதியவர்க்கு அது உதவும் என்கிறான். இன்று மலைப்பாதைகளில் அம்புக்குறிப் பலகை நடுகிறார்களே, அதற்கு நம் மொழியில் உள்ள பழஞ்சான்று இது.

சக்கரத்திற்கும் சான்று உண்டு. ஔவையார் பொகுட்டெழினியைப் பாடிய புறநானூற்று 102ஆம் பாட்டில், உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவது பேசப்படுகிறது. மேடும் பள்ளமுமான நெடுவழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு. சேம அச்சு என்பது அதன் பெயர். இன்று கரடுமுரடான பாதையில் மிதிவண்டி ஓட்டுகிறவர் இருக்கைக்கு அடியில் ஒரு மாற்று டியூபைச் சுருட்டிக் கட்டிக்கொள்கிறார். ஈராயிரம் ஆண்டுகளில் பொருள் மாறியிருக்கிறது, கவலை மாறவில்லை.

ஆகவே, நான் இன்று செய்யப்போவது ஆற்றுப்படுத்தல் என்ற பழந்தொழிலே. தொலைவில் ஓர் எரிமலைத் தீவின் காட்டு வழிகளைச் சொல்லி, அங்கிருந்து நம் நாஞ்சில் நாட்டு மலையடிவாரத்திற்கு உங்களை அழைத்து வர விழைகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். ஒரு மணி நேரத்திற்கு இவ்வளவு என்று வாடகைச் சைக்கிள் எடுத்து, குரங்குப்பெடல் போட்டுப் பழகிய தலைமுறையினர் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். அந்தக் கனத்த கருப்பு வண்டி எந்தச் சாலையிலும் போயிற்று; எந்தச் சாலையிலும் விரைந்து போகவில்லை. பின்னர் பந்தய வண்டி வந்தது. மெல்லிய டயரில் விறைப்பாகக் காற்றடைத்துத் தார்ச்சாலையில் அது பறந்தது. கல்லைக் கண்டால் துள்ளியது. மலையேறும் வண்டி வந்தது. கல்லைத் தாங்கியது, சமவெளியில் சோர்ந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாக, தார் இடாத சரல் பாதைக்கென்றே ஒரு வகை வண்டி உருவாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் இதனைக் கிராவல் பைக் என்கின்றனர். நாம் சரல்வண்டி என்று சொன்னால் நம்மூர்க் குழந்தைக்கும் விளங்கும்.

இதன் நுட்பம் எளியது. பந்தய வண்டியைப் போலக் கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயரின் அகலம் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். காற்றைக் குறைவாக அடைப்பார்கள். விறைத்த டயர் ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறித் துள்ளும்போது, முன்னே செல்லவேண்டிய விசை மேலே எழும்பி வீணாகிறது. தளர்ந்த டயர் கல்லைத் தழுவிக்கொண்டு உருள்வதால் அந்த வீணும் குறைகிறது, பிடிப்பும் கூடுகிறது. விறைப்பாக நிற்பவனைக் காட்டிலும் சற்று நெகிழ்ந்து கொடுப்பவன் கரட்டுவழியில் நெடுந்தூரம் போகிறான் என்பது வாழ்க்கைக்கும் பொருந்தும். அதைச் சொல்லி உங்களை நெடுநேரம் நிறுத்திவைக்க மாட்டேன்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துச் சக்கிமுக்கிக் கற்குன்றுகளிடையே 2006ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் பந்தயம் இவ்வகை ஓட்டத்திற்குப் பெயர் வாங்கித் தந்தது. 2022இல் இத்தாலியின் வெனெத்தோ பகுதியில் இதற்கென முதல் உலகப் போட்டியே நடந்தது. எனினும் பந்தயம் இதன் உயிர் அன்று. சந்தடி மிக்க நெடுஞ்சாலையை விட்டு, வண்டிகள் அரிதாக வரும் மண்வழியில், காட்டின் ஒலி காதில் விழும்படி போவதே இதன் உயிர்.

மிதிவண்டியின் பிறப்பிற்கும் எரிமலைக்கும் ஒரு தொடர்பு உண்டு என்று வரலாற்றாய்வாளர் ஹான்ஸ் எர்ஹார்ட் லெஸ்ஸிங் கருதினார். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானை மறைத்ததால் 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று. விளைச்சல் பொய்த்தது, குதிரைக்குத் தீனி இல்லை. அந்நெருக்கடியே குதிரையில்லா ஊர்தியைத் தேடத் தூண்டியிருக்கலாம் என்பது அவர் துணிபு. 1817 ஜூன் 12 அன்று கார்ல் திரைஸ் என்ற ஜெர்மானியர் மன்ஹைம் நகரில் இருசக்கர மரவண்டி ஒன்றைக் காலால் உந்தி ஓட்டிக் காட்டினார் என்பதோ உறுதியான வரலாறு. லெஸ்ஸிங்கின் கருத்தை ஏற்காதோரும் உளர். ஆயினும், எங்கோ ஒரு தீவில் எழுந்த புகை, வேறொரு கண்டத்தில் ஓர் ஊர்திக்கு வித்திட்டிருக்கலாம் என்ற எண்ணமே நம்மை ஈர்க்கிறது.

அன்பர்களே, இனி நான் சொன்ன தீவுக்கு வருவோம். குமரி முனையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவில், மொரீசியசுக்கு அப்பால் ரெயூனியன் என்ற தீவு இருக்கிறது. பிரான்சு நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். நம் குமரி மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. இவ்வளவு சிறிய நிலத்தில் 3,000 மீட்டரைத் தாண்டிய ஒரு சிகரம் நிற்கிறது. பித்தோன் தே நேழ் என்ற அந்த எரிமலை பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கிறது. அதன் தென்கிழக்கே 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் இன்னும் அடங்கவில்லை. உலைக்களச் சிகரம் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். உலகில் அடிக்கடி கனலும் எரிமலைகளில் அது ஒன்று.

நாஞ்சில் நாட்டாராகிய நமக்கு இத்தீவோடு இரண்டு உறவுகள் உண்டு. ஒன்று கல் வழி. மற்றொன்று மனிதர் வழி.

கல் வழி உறவைச் சொல்கிறேன். மராட்டிய மாநிலத்தில் சகயாத்திரி என்று வழங்கும் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி, எரிமலைக் குழம்பு படிப்படியாக உறைந்து உண்டான கருங்கல் அடுக்கு. தக்காணப் பீடபூமியில் இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அது மூடியிருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் குழம்பு பெருகியது. அந்தப் பெருக்கிற்குக் காரணமான ஆழ்நெருப்பு நிலத்தடியில் ஓரிடத்தில் நிற்க, அதன் மீது இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது என்பர் நிலவியலார். ஊதுபத்தியின் மேல் ஒரு தாளை மெல்ல நகர்த்தினால் வரிசையாகக் கருகல் விழும் அல்லவா? அவ்வாறு தக்காணம், இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீசியசு என்று அந்நெருப்பின் தடங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அவ்வரிசையின் கடைசிப் புள்ளி ரெயூனியன். ஒருகாலத்தில் தக்காணத்தைப் படைத்த அதே நெருப்பு இன்று அங்கே எரிந்துகொண்டிருக்கிறது.

நம் மாவட்டத்து மலைகள் எரிமலையால் உண்டானவை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவை அதைவிட மிகப் பழையவை. நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இறுகிய பாறைகள். அவற்றுள் ஒருவகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்குச் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுபோன கல் அவ்வகையாக இருந்ததால் அப்பெயர் வந்தது. தமிழகத்துக் கல் ஒன்று ஆங்கிலேயன் கல்லறையால் பெயர் பெற்றது ஒரு வேடிக்கை. அந்தப் பழங்கல் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, இரும்புச் சத்து சிவந்து திரண்டதே நாம் சரல் என்று சொல்லும் செங்கற்பரல்.

மனிதர் வழி உறவு இன்னும் நெருக்கமானது. ரெயூனியனில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. 60,000க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. காரைக்கால், புதுச்சேரி முதலிய துறைகளிலிருந்து தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1860இல் பிரிட்டிஷ் அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் அந்த ஏற்றுமதி பெருகிற்று. தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் பற்றிய முறையீடுகள் குவிந்ததால் 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதனை நிறுத்தியது. போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அங்கே குடிமக்கள். வீட்டில் தமிழ் பேசும் வழக்கம் தேய்ந்துபோயிற்று. ஆனால் காவடி எடுக்கின்றனர், தீ மிதிக்கின்றனர். எரிமலை மேல் வாழும் மக்கள் தீ மிதிப்பதைக் கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது. பெயர்களிலும் தமிழ் நிற்கிறது. இராமசாமியும் வைத்தியலிங்கமும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் மறைந்திருந்தாலும் உச்சரித்தால் வெளியே வந்துவிடுகின்றனர்.

அத்தீவில் சரல்வண்டிக்கு உகந்த வழிகள் எவை? முதலாவது, எரிமலைக்குச் செல்லும் காட்டிலாகாச் சாலை. தீவின் நடுமேட்டில் 1,600 மீட்டர் உயரத்தை ஒட்டி அமைந்த பூர்முரா என்னும் சிற்றூரில் அது புறப்படுகிறது. பசும்புல் மேய்ச்சல் நிலங்களுக்கிடையே ஏறுகிறது. ஓரிடத்தில் ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பைத் தொட்டுச் செல்கிறது. மேலே போகப் போகப் பச்சை குறைகிறது. கொமேர்சோன் என்ற பழைய எரிமலைவாயைக் கடந்ததும், வழி திடீரென ஒரு பெரும் கருஞ்சிவப்பு வெளிக்குள் இறங்குகிறது. மணல்வெளி என்னும் பொருளில் பிளேன் தே சாப்ளே என்று அதற்குப் பெயர். மரமில்லை, எரிமலைச் சாம்பலும் சிறுகல்லும் பரந்து கிடக்கின்றன. அந்த வெளியைக் கடக்கும் பாதை பல பத்தாண்டுகளாகத் தார் இடப்படாமலே விடப்பட்டது. அந்தச் சரலின் மேல் உருண்டு, 2,300 மீட்டர் உயரத்தில் பெல்கோம்ப் என்ற விளிம்பை அடைந்தால், கீழே எரிமலையின் உட்கிண்ணம் தெரியும். அதற்கு மேல் வண்டிக்கு வழியில்லை. நடந்து இறங்குவோர்க்கும் ஒரு வாயிற்கதவு உண்டு. மலை கனலும் குறி தெரிந்தால் ஆட்சியாளர் அக்கதவை மூடிவிடுவர். மூடிய கதவின் முன் யாரும் வழக்காடுவதில்லை.

அவ்வழியின் இடரையும் சொல்வதே ஆற்றுப்படையின் முறை. நான் குறிப்பிட்ட கொமேர்சோன் எரிமலைவாயில்தான், 2007 பிப்ரவரியில் கமீத் புயலின்போது மூன்று நாட்களில் 3,930 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. உலகச் சாதனை அது. நம் அகஸ்தீசுவரம் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைப் போலப் பன்மடங்கு மூன்றே நாளில் கொட்டியது. காலையில் தெளிந்திருக்கும் வானம் நண்பகலுக்குள் மூடுபனியாகிவிடுவதும் அம்மலையின் இயல்பு. ஆதலால் அறிந்தவர்கள் விடியுமுன் புறப்பட்டு, உச்சிப்பொழுதுக்குள் இறங்கிவிடுகின்றனர்.

இரண்டாவது வழி, பேபூர், பேலூவ் என்னும் காடுகளின் ஊடே செல்வது. மேலே சொன்னதற்கு நேர்மாறான உலகம் இது. மரப்பெரணிகள் குடை விரித்து நிற்கும். மரங்களில் பாசியும் ஆர்க்கிட் செடிகளும் படர்ந்திருக்கும். சில இடங்களில் சப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட ஊசியிலை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. பேலூவில் ‘மேட்டுப் புளி’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கப்படும் ஒரு மரம் காடாக வளர்ந்திருக்கிறது. பெயரில் புளி இருந்தாலும் அது வேல மரத்தின் இனம். முதலில் வந்த குடியேறிகள், இலையைப் பார்த்துத் தமக்குத் தெரிந்த புளியின் பெயரை அதற்கு இட்டுவிட்டனர் போலும். புதுநிலம் புகுந்தவர் பழம்பெயரால் மரத்தை அழைப்பது எங்கும் உள்ள வழக்கம்.

மூன்றாவது, வண்டியே போகாத ஒரு வழி. மஃபாத் என்னும் பெரும்பள்ளத்தாக்கு மலைச்சுவர்களால் சூழப்பட்டது. இன்றும் அதற்குள் சாலை இல்லை. அங்குள்ள சிற்றூர்களுக்கு நடந்து போகவேண்டும். சரக்கு வானூர்தியில் இறங்குகிறது. தோட்ட முதலாளிகளிடமிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. அப்பள்ளத்தாக்குகளின் பெயர்கள் பல அவர்கள் பேசிய மடகாஸ்கர் மொழியைச் சேர்ந்தவை. ஈவ்ரின் பொசே என்ற அஞ்சல்காரர் நாற்பது ஆண்டுகள் அந்த மலைவழிகளில் நடந்தே கடிதம் கொண்டு சேர்த்தார். தீவு முழுவதும் அவரைப் போற்றுகிறது. நாம் வண்டியோட்டி மகிழ விரும்பும் மலைப்பாதை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அஞ்சி ஓடியோ, சுமை தூக்கியோ, கடிதம் சுமந்தோ மிதித்துப் பண்படுத்தியது. இதனை மறந்து பாதையை வெறும் காட்சிப்பொருளாக்கிவிடக் கூடாது.

அங்கே மலையும் சாலையை விட்டுவைப்பதில்லை. 1977 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு சாந்த் ரோஸ் பகுதியில் ஊருக்குள் புகுந்தது; ஒரு தேவாலயத்தின் வாயில்வரை வந்து சுற்றி வளைத்து நின்றது. 2007 ஏப்ரலில் கடற்கரை நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு குழம்பு கடலில் விழுந்தது. மலையுச்சியின் பெருவாய் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கிச் சரிந்தது. குழம்பு ஆறியதும் அதன் மேலேயே புதுச்சாலை போட்டார்கள். இத்தகைய நிலத்தைப் பாதுகாக்க 2007இல் தேசியப் பூங்கா அமைந்தது. தீவின் ஐந்தில் இரண்டு பங்கை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. பூங்காவின் நடுப்பகுதியில் மிதிவண்டி எங்கே போகலாம், எங்கே போகலாகாது என்பதற்கும் விதிகள் உண்டு.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

காசுமீரத்திலிருந்து குமரிவரை மிதிவண்டியில் வருவது இன்று பல இளைஞர்களின் கனவு. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வருகின்றனர். கடற்கரை வழியாகத் திருச்செந்தூர், கூடங்குளம் கடந்து நம் ஊர்ப்பக்கம் வருவோரும் உண்டு. குமரி முனையில் நின்று படம் எடுத்துக்கொண்டு இரயிலேறிவிடுகின்றனர். முதுகுக்குப் பின்னால் ஒரு மலைநாடு இருப்பதை அவர்கள் காண்பதில்லை. அதனைக் காட்டவேண்டும் என்ற ஆவல் எழுவது இயற்கை. அதற்கென்று கீரிப்பாறை, காளிகேசம், பாலமோர், மாறாமலை, பேச்சிப்பாறை, மேல்கோதையாறு என்று வழிகளை அடுக்கி, இவற்றையெல்லாம் திறந்துவிடுங்கள் என்று கேட்கும் குரலும் அவ்வப்போது எழுகிறது.

இதில் நான் சற்று மாறுபடுகிறேன். அந்த மலைச்சாலைகள் எப்படி வந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். தேயிலைக்கும் காப்பிக்கும் ரப்பருக்கும் கிராம்புக்கும் தோட்டங்கள் வந்தன. அவற்றுக்குச் சாலைகள் வந்தன. 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணைக்காக வழி வெட்டினர். அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அந்த அணையின் அருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். பின்னர் கோதையாற்று மின்திட்டத்திற்குச் சாலை ஏறிற்று. அச்சாலைகளுக்கு முன்பே அங்கே வழிகள் இருந்தன. அவை காணிக்காரப் பெருமக்களின் காலடித் தடங்கள், யானையின் தடங்கள். இன்று 402 சதுர கிலோமீட்டர் பரப்பு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக இருக்கிறது. யானையும் புலியும் திரியும் காடு அது. ஓசையின்றி வளைவில் விரைந்து இறங்கும் மிதிவண்டி, யானைக்கும் ஓட்டுநருக்கும் ஒருங்கே இடர். மோட்டார் வண்டிக்கு ஒலி உண்டு, விலங்கு விலகிக்கொள்ளும். புகைவிடாத ஊர்தி என்பதனாலேயே மிதிவண்டி காட்டுக்குத் தீங்கற்றது என்று நினைப்பது முழு உண்மையாகாது.

மழைக்காலத்தில் நோயாளியைச் சுமந்துகொண்டு நடக்கவேண்டிய மலைக்குடியிருப்புகள் இருக்கும்போது, நம் பொழுதுபோக்கிற்கு முதலில் வழி கேட்பது முறையும் ஆகாது. காட்டுக்குள் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும் என்ற விதியை நான் தடையாகக் கருதவில்லை. எரிமலையின் வாயிற்கதவைப் போல அதுவும் ஒரு கதவு. மூடியிருக்கும்போது திரும்பிவரக் கற்பதும் பயணத்தின் ஒரு பகுதியே.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை. சரல் பாதையைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கையிலேயே, சரலாகவும் ஜல்லியாகவும் மாறி நம் குன்றுகள் லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கின்றன. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு எல்லையற்ற கல் வேண்டியிருந்தது. 2015இல் தொடங்கிய அப்பணி, கல் கிடைக்காமலேயே பல ஆண்டுகள் தாமதப்பட்டது. குமரி, நெல்லை மாவட்டங்களின் கல் அங்கே சென்றது. வீடு கட்டவும் சாலை போடவும் கல் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மலை மீண்டும் முளைப்பதில்லை. ரெயூனியனில் குழம்பு வழிந்து புதுநிலம் பிறப்பதைக் கண்ணால் காணலாம். 50 கோடி ஆண்டுப் பழமையுடைய நம் பாறைக்கு மறுபிறப்பே கிடையாது.

அங்கேயும் இந்தப் போராட்டம் நடந்தது. கடலோரமாகப் புதிய பெருஞ்சாலை ஒன்று கட்டத் திட்டமிட்டனர். அதன் 5.4 கிலோமீட்டர் நீளக் கடற்பாலம் 2022இல் திறக்கப்பட்டது. எஞ்சிய பகுதிக்குப் பெரும்பாறைகள் தேவைப்பட்டன. கல்குவாரி தொடங்க முயன்றபோது ஊரார் எதிர்த்தனர், வழக்குகள் நடந்தன, சாலை பாதியில் நின்றது. எரிமலையே கல்லைக் கக்கும் நாட்டில் கல்லுக்குத் தட்டுப்பாடு வந்தது என்றால், கக்காத நாட்டின் நிலையை நாம் சிந்திக்க வேண்டும்.

நம் அருகிலேயே மயிலாடி இருக்கிறது. அங்குள்ள சிற்பியின் உளி ஒரு கல்லைத் தொட்டால் அது ஆயிரம் ஆண்டுகள் வணங்கப்படுகிறது. அதே இனக் கல் அரைவை எந்திரத்தில் விழுந்தால் ஒரு நொடியில் பொடியாகிறது. இரண்டும் கல்லை உடைக்கும் தொழில்தான். எவ்வளவு எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம் என்பதில்தான் வேற்றுமை இருக்கிறது.

இதற்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மகிழுந்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்குக் குன்று ஒன்று குறைந்தது தெரியாது. மிதித்துக்கொண்டு போகிறவர் ஒவ்வொரு மேட்டையும் தம் தொடையால் அறிகிறார். ஒவ்வொரு குன்றின் வடிவையும் மெல்லக் காண்கிறார். சென்ற ஆண்டு இருந்தது இவ்வாண்டு இல்லையென்றால் அவருக்குத் தெரிந்துவிடும். ஊரின் நிலத்தைக் காப்பதற்கு முதல் தேவை அதனைப் பார்க்கும் கண். மெதுவாகச் செல்லும் ஊர்தி அந்தக் கண்ணைத் தருகிறது.

ஆகவே நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். காட்டை விட்டுவிடுவோம். காட்டுக்கு வெளியே நமக்கு வழிகள் ஏராளம். அஞ்சுகிராமத்திலிருந்து மயிலாடி, மருங்கூர் வழியாக முருகன் குன்றைச் சுற்றிப் போகலாம். தேரூர் குளக்கரையில் பறவைகளைக் காணலாம். சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022இல் உலகச் சிறப்புமிக்க ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டினால் ஆரல்வாய்மொழி. அங்கே முப்பந்தல் வரையில் காற்றாலைகளை ஒட்டிச் செல்லும் சரல் தடங்கள், மலையை இடப்புறம் வைத்துக்கொண்டு நீண்டு கிடக்கின்றன. எதிர்க்காற்றை வெல்லத் தெரிந்தவர்க்கு அவை நல்ல பள்ளிக்கூடம். ஆனிமுதல் ஆவணிவரை அந்தக் கணவாய்க் காற்று ஆளையே சாய்க்கும். மேற்கு நோக்கிச் செல்வதை விடியற்காலையிலேயே முடித்துக்கொள்க. தனியார் நிலத்துத் தடமாயின் உரியவரைக் கேட்டுச் செல்க. கால்வாய்க் கரைகளில், தண்ணீர் திருப்ப வரும் உழவர்க்கு இறங்கி வழிவிடுக. வேட்டிக் கரையைச் சங்கிலியில் விடாதீர்கள் என்பதையும் மூத்தோர்க்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

இந்த வழிகளை நம் இளைஞர்கள் ஓட்டிப் பார்த்து எழுதவேண்டும். எந்தக் குளக்கரையில் நிழல் உண்டு, எந்தக் கடையில் பனங்கற்கண்டுப் பால் கிடைக்கும், எந்தக் குன்றுக்கு ஊரார் என்ன கதை சொல்கின்றனர், எந்த ஓடைக்கு என்ன பெயர் என்பவற்றையெல்லாம் குறிக்கவேண்டும். அறுபதும் எழுபதும் கடந்தவர்களிடம் கேட்டுக் குன்றுகளின் பெயர்களைத் தொகுக்கவேண்டும். பெயருள்ள குன்றை அழிப்பது கடினம். பெயர் மறந்துபோன குன்று வெறும் கல்லாகக் கணக்கில் ஏறிவிடும். பதினோராம் ஆண்டில் நம் வட்டம் வெளியிடத்தக்க நூல் இதுவே என்பது என் எண்ணம். நூறு பக்கம் போதும். அதற்குள் ஒரு புதிய மலைபடுகடாம் பிறக்கலாம். பிறக்காவிட்டாலும் ஒரு நல்ல பதிவேடு உறுதி.

கூத்தர்க்கு வழி சொன்னவன் நன்னனின் பரிசிலைத் தனக்கென்று மறைத்துவைக்கவில்லை. எதிரே வந்தவர்க்கு இடமும் இடரும் சொல்லி அனுப்பினான். பிரியும் வழிதோறும் புல் முடிந்து வைக்கச் சொன்னான். நாம் முடிந்துவைக்கும் புல்லைக் கண்டு நாளை இவ்வூர்ப் பிள்ளைகள் போகும்போது, அந்தப் புல்லுக்கு அப்பால் மலை இருக்கவேண்டும். அதற்கு வேண்டியதைச் செய்வோம்.